நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கொடிகாமம்
17.04.2024

அன்புள்ள மருமகள் தர்சிகாவுக்கு,

மாமி எழுதுகிறேன். இங்கே வெயிலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் உன் அப்பாவான என் அண்ணையும் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வருடப் பிறப்பன்று நீ தொலைபேசி எடுத்தாய். ஷெல்லடியில் கெட்ட காது, குரல் வந்தது, சொல் ஒன்றும் பிடிபடவில்லை. சும்மா 'ஓம், ஓம்' என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஆகவே இனிக் கடிதமே எழுது.

உன் புத்தகம் கிடைத்தது. 'அடங்காத மலர்: இராசமலரின் வாழ்க்கை வரலாறு.' அட்டைப் படத்தில் இருப்பவள் என்னைவிட வடிவு. சண்டிலிப்பாயில் முதன்முதல் சைக்கிள் ஓடிய பெண் நான்தான் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு முன்பே இரண்டு பேர் ஓடினார்கள். அது போகட்டும்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'வறட்சி நிலவிய அந்நாட்களில் கிணற்று நீரில் நஞ்சு கலக்கப்பட்டிருந்தது. அதனை அருந்திய சிறுமி ஒருத்தி உயிரிழக்க நேர்ந்தது. இச்சோகத்தின்போது இராசமலருக்கு அவருடைய அண்ணன் சண்முகநாதன் தோள்கொடுத்து நின்றார்.'

நான் தமிழ் படிப்பித்த வாத்தியார். 'கலக்கப்பட்டிருந்தது' என்று ஒரு பிள்ளை எழுதினால் 'யாரால்?' என்று சிவப்பு மையால் கேட்பேன். உன்னிடமும் அதையே கேட்கிறேன்.

போன வருடம் தை மாதம் நீ என் வீட்டில் வந்து நின்றாய். கைபேசியை மேசையில் வைத்துப் பதிவு செய்தாய். நடந்ததை நடந்தபடி சொன்னேன். நீ அழுதாய். அது எல்லாம் எங்கே போனது?

பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமி
இராசமலர்

*

இலண்டன்
12.05.2024

என் அன்பு மாமிக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததே எனக்குப் பெரிய சந்தோசம். எல்லாரும் சுகம். அப்பாவுக்கு மட்டும் இடைக்கிடை நெஞ்சு இறுக்கம். நீங்கள் பிறசர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? வெயிலில் வெளியே திரிய வேண்டாம்.

மாமி, ஒரு நல்ல செய்தி. யூலை மாதம் 27ஆம் திகதி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நம் புத்தகத்துக்கு ஒரு கூட்டம் வைக்கிறார்கள். நான் பேசி முடிந்த பிறகு சபையினர் கேள்வி கேட்பார்கள். கோடை விடுமுறை என்பதால் வெளிநாட்டிலிருந்தும் நிறையப் பேர் வருவார்கள். அப்பாவும் என்னோடு வருகிறார். நாற்பது வருடத்துக்குப் பிறகு! நீங்கள் முன்வரிசையில் இருக்க வேண்டும், மேடையில் முதற் பிரதியை நீங்கள் வாங்க வேண்டும். அப்பாவுக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்கும் படத்தை இப்போதே மனதில் பார்க்கிறேன்.

நீங்கள் கேட்ட பக்கம் பற்றி: பதிப்பகத்தார் நீளத்தைக் குறைக்கச் சொன்னார்கள். வாசகர்களுக்கு உங்கள் துணிவுதான் தெரிய வேண்டும், துயரத்தில் கவனம் சிதறக்கூடாது என்றார்கள். வேறு காரணம் இல்லை.

உங்களுக்கு என்ன நிறத்தில் சேலை கொண்டுவரட்டும்?

அன்புடன்
தர்சிகா

*

கொடிகாமம்
30.05.2024

மருமகள் தர்சிகாவுக்கு,

சுகம். மாத்திரை போடுகிறேன். சேலை வேண்டாம்.

என் சேலைகளைப் பற்றி மட்டும் புத்தகத்தில் ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. அதைக் குறைத்திருக்கலாம். பதிவை நீ மறந்திருந்தால் மறுபடி எழுதுகிறேன், வாசி.

1983, ஆவணி. எங்கள் ஊரில் சாதி சொல்லித் தள்ளிவைத்திருந்த குணலட்சுமியின் சனங்களுடைய குடிதண்ணீர்க் கிணறு வற்றிவிட்டது. எங்கள் கிணற்றுக்கு அவர்கள் வரலாம், ஆனால் வாளியைத் தொடக்கூடாது. எங்களில் ஒருவர் வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு வெயிலில் காத்து நிற்க வேண்டும். நான் வேலிப் படலையைத் திறந்து, 'இனி நீங்களே அள்ளுங்கோ' என்றேன். அதைத்தான் நீ 'புரட்சி' என்று எழுதியிருக்கிறாய். அது புரட்சியில்லை, ஒரு படலையைத் திறப்பது.

அடுத்த நாள் காலையில் அண்ணை கிணற்றடியிலிருந்து வந்தார். கையில் வெறும் பூச்சிமருந்து ரின். 'என்ன அண்ணை?' என்று கேட்டேன். 'புகையிலைக்கு அடிச்சிட்டு வாறன்' என்றார். ஆவணியில் எங்கள் தோட்டத்தில் ஏது புகையிலை? வெட்டி முடிந்து மாதக்கணக்கு. அதை நான் யோசித்து முடிக்குமுன் குணலட்சுமி குழறி அழும் சத்தம் கேட்டது. அவளுடைய ஐந்து வயதுப் பிள்ளை சுகிர்தா கிணற்றுக்கட்டில் கிடந்து துடித்தது.

எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றது. சாவி அண்ணையின் பொக்கற்றில். கேட்டேன். அவர் தரவில்லை. அயலவர் கிறகோரியின் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மானிப்பாயைத் தாண்ட முதலே பிள்ளை போய்விட்டது.

பிறகு நான் தனியே பொலிசுக்குப் போய் என் அண்ணையின் பெயரைச் சொல்லி முறைப்பாடு கொடுத்தேன். அப்போது யூலைக் கலவரம் முடிந்த கையோடு இருந்த நேரம். 'இனமே அழியுது, உனக்குக் கிணறோ முக்கியம்?' என்று சொந்தங்கள் எல்லாம் வீட்டில் கூடி நின்று கேட்டார்கள். எங்களைப் பெற்ற ஐயா என்னை வீட்டைவிட்டு வெளியே போகச் சொன்னார். முறைப்பாடு அப்படியே கிடக்க, அண்ணை ஆறேழு மாதத்தில் நாட்டைவிட்டுப் போனார். நீயும் உன் அம்மாவும் பிறகு போனீர்கள். நான் மாற்றம் கேட்டுக் கொடிகாமத்துக்கு வந்தேன். உன் புத்தகத்தில், 'கல்விப்பணியை விரிவாக்கும் நோக்குடன் தென்மராட்சி சென்றார்' என்று இருக்கிறது.

நேற்றுப் புத்தகத்தையும் கொண்டு சண்டிலிப்பாய்க்குப் போனேன். குணலட்சுமி வெங்காயத் தோட்டத் தறையில் நின்றாள். கையைத் துடைத்துவிட்டு அந்தப் பக்கத்தை நின்றபடியே வாசித்தாள்.

"என்ரை பிள்ளையின்ரை பேர் இதிலை இல்லை."

"இல்லை."

"என்ரை பேரும் இல்லை."

"இல்லை, குணம்."

"உங்களுக்கு வந்த கோவத்துக்கு ஒரு புத்தகம் வந்திருக்கு, ரீச்சர். எனக்கு வந்ததுக்கு என்ன வந்தது?"

பதில் உன்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பகுதியை வெட்டியது யார்? பதிப்பகம் என்று மறுபடி எழுதாதே.

மாமி

*

இலண்டன்
20.06.2024

அன்புள்ள மாமிக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே பயமாக இருக்கிறது. கோபம் உடம்புக்குக் கூடாது, மாமி.

உண்மையைச் சொல்கிறேன். அச்சுக்குப் போகுமுன் அப்பா பிரதியைக் கேட்டார், கொடுத்தேன். மூன்று நாள் வைத்திருந்தார். திருப்பித் தரும்போது அந்த அத்தியாயம் அதில் இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவருக்கு இருதயத்தில் இரண்டு ஸ்ரென்ற் வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எப்படி வாழ்வேன்?

அதோடு, மாமி, நீங்கள் ரின்னைத்தான் பார்த்தீர்கள், ஊற்றியதைப் பார்க்கவில்லை. ஒரு எழுத்தாளராக நான் அதையும் யோசிக்க வேண்டும்.

தயவுசெய்து கூட்டத்தில் இதை எடுக்க வேண்டாம். அப்பாவின் காலத்துக்குப் பிறகு இரண்டாம் பதிப்பில் எல்லாவற்றையும் சேர்க்கிறேன். சத்தியமாக.

உங்கள்
தர்சிகா

*

கொடிகாமம்
03.07.2024

தர்சிகா,

கூட்டத்துக்கு வருகிறேன். மேடைக்கு வரமாட்டேன். குணலட்சுமியும் வருகிறாள்.

சாவியை அவர் தர மறுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதற்கும் சாட்சி வேண்டுமா?

இராசமலர்

*

கொடிகாமம்
06.08.2024

தர்சிகாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். சுகம் விசாரிக்க இன்று எனக்கு மனமில்லை.

நீ மேடையில் இருந்தாய். அங்கிருந்து பார்த்தால் சபை வேறு மாதிரித் தெரியும். எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

நாங்கள் பின்வரிசையில், காற்றாடிக்குக் கீழே இருந்தோம். குணலட்சுமி கல்யாண வீட்டுக்குக் கட்டும் நீலச் சேலை கட்டியிருந்தாள். நீ பேசியது எனக்குக் கேட்கவில்லை, வாய் அசைவது தெரிந்தது. சனம் இரண்டு தடவை சிரித்தது. அண்ணையைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தார்கள். தலைவர் என்ன சொல்கிறார் என்று குணலட்சுமியைக் கேட்டேன். "ஒரு புரட்சிப் பெண்ணுக்கு அந்தக் காலத்திலேயே துணை நிண்ட அண்ணனாம்" என்று என் காதுக்குள் சொன்னாள். அண்ணை கும்பிட்டபடி சிரித்துக்கொண்டு நின்றார்.

கேள்வி நேரம் என்றதும் நான் எழும்பினேன். ஒரு பெடியன் ஒலிவாங்கி கொண்டுவந்து தந்தான்.

"நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். கிணத்துக்குள்ளை மருந்து ஊத்தினது ஆர்?"

இவ்வளவுதான் கேட்டேன். நீ என்னைப் பார்த்தாய், அண்ணையைப் பார்த்தாய். தண்ணீர்ப் போத்தலை எடுத்து ஒரு மிடறு குடித்தாய். பிறகு ஏதோ சொன்னாய். மண்டபத்து எதிரொலியில் எனக்குச் சத்தம் மட்டும் வந்தது.

"என்னவாம், குணம்?"

குணலட்சுமி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பவும் கேட்டேன்.

"ஆர் எண்டு இண்டைக்கு வரைக்கும் தெரியாதாம், ரீச்சர்."

அந்த வசனத்தை அந்தத் தாயின் வாயால் சொல்லவைத்தாய், தர்சிகா. நீ மேடையில் சொன்னதைக்கூட நான் தாங்கியிருப்பேன்.

"என்ரை அண்ணைதான் ஊத்தினவர், அந்தா முன்னுக்கு இருக்கிறார்" என்று கத்தினேன். அதற்குள் ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள். தலைவர் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். சபை முழுக்கக் கை தட்டியது. "இந்த வயதிலையும் அம்மா அடங்கேல்லை எண்டு சொல்லுறார்" என்றாள் குணலட்சுமி. என் கோபத்துக்குக் கை தட்டினார்கள். காறித் துப்பியிருந்தால் அதற்கும் தட்டியிருப்பார்கள்.

பிறகு தேத்தண்ணியும் ரோல்சும் கொடுத்தார்கள். அப்போது நீ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். அண்ணை எங்களிடம் வந்தார்.

"மலர், சுகமா இருக்கிறியோ? நல்லா மெலிஞ்சு போனாய்."

அவர் குணலட்சுமியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இவ ஆர்? உன்னோடை படிப்பிச்சவவோ?"

"இல்லை" என்றாள் குணலட்சுமி. "நான் சுகிர்தாவின்ரை அம்மா."

"ஆர் சுகிர்தா?" என்று கேட்டார் உன் தகப்பன்.

நடிக்கவில்லை, தர்சிகா. எனக்கு அவர் முகம் தெரியும். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. அதற்குள் யாரோ படம் எடுக்கக் கூப்பிட, போய்விட்டார். குணலட்சுமி கையிலிருந்த கோப்பையை அப்படியே யன்னல் கட்டில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். பலாலி வீதியில் நின்று பஸ் ஏறினோம்.

இராசமலர்

*

இலண்டன்
15.09.2024

மாமிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். அப்பாவுக்குச் சுகமில்லாமல் இருந்தது. இப்போது பரவாயில்லை. வேலையும் அதிகம். பிறகு விரிவாக எழுதுகிறேன். உடம்பைக் கவனியுங்கள்.

தர்சிகா

*

கொடிகாமம்
30.09.2024

தர்சிகாவுக்கு,

உன் நான்கு வரி கிடைத்தது. நீ விரிவாக எழுதும்வரை நான் காத்திருக்கவில்லை.

கூட்டம் நடத்தியவர்கள் உன் புத்தகத்தை யாழ்ப்பாணத்து நூலகங்களுக்கும் வாசிகசாலைகளுக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஒவ்வொன்றாகப் போகிறேன். கொடிகாமம், சாவகச்சேரி, சங்கானை, சண்டிலிப்பாய் முடிந்தது. 112ஆம் பக்கத்தை எடுத்து, 'கலக்கப்பட்டிருந்தது' என்பதை வெட்டிவிட்டு, 'சண்முகநாதன் கலந்தார்' என்று மையால் எழுதுகிறேன். 'சிறுமி ஒருத்தி' என்பதை வெட்டி, 'குணலட்சுமியின் மகள் சுகிர்தா' என்று எழுதுகிறேன். 'தோள்கொடுத்து நின்றார்' என்ற வரியின் மேல் ஒரு கோடு. கீழே என் கையெழுத்து.

ஒரு நூலகத்தில் அங்கிருந்த பிள்ளை ஓடிவந்து தடுத்தாள்.

"அன்ரி, லைபிறறிப் புத்தகத்திலை எழுதக்கூடாது!"

"இது என்ரை வாழ்க்கை வரலாறு, பிள்ளை."

"ஆற்றை எண்டாலும் எழுதக்கூடாது."

அட்டையைக் காட்டினேன். என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கத்தை வாங்கி வாசித்தாள். பிறகு, "நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று சொல்லி உள்ளே போனாள். நான் எழுதி முடித்தேன்.

ஆனால் எல்லாரும் அவளைப் போலில்லை. சங்கானையில் ஒரு ஐயா கண்டபடி ஏசினார். 'பழசைக் கிளறிச் சாதிச் சண்டை மூட்டுறியோ' என்றார். அன்று வீட்டில் கூடி நின்ற அதே சனத்தின் அதே பேச்சு. நாற்பது வருடத்தில் ஒரு சொல் மாறவில்லை. அவரையும் ஏசிவிட்டு எழுதினேன்.

நீ உன் தகப்பனிடம் வழக்குப் போடச் சொல். அதைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இராசமலர்

*

இலண்டன்
27.10.2024

மாமிக்கு,

சுகம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் நீங்கள் சுகமாய் இருக்க வேண்டும்.

நீங்கள் எழுதிய பக்கத்தை யாரோ படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். சொந்தக்காரர் எல்லாரும் எனக்குத் தொலைபேசி எடுத்தார்கள். 'மாமிக்கு மூளை குழம்பிவிட்டது என்று ஒரு அறிக்கை விடு' என்றார்கள். அதை எழுத உட்கார்ந்தேன், மாமி. முதல் வரியும் எழுதிவிட்டேன். அதற்கு மேல் கை போகவில்லை.

எழும்பிப் போய் அப்பாவிடம் கேட்டேன். அவர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, சுகிர்தா ஆர் எண்டு இப்ப தெரியுமே?"

"திருப்பித் திருப்பி உதையே கேளாதை."

"நீங்களோ ஊத்தினது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "வெருட்டத்தான் ஊத்தினது. மணத்துக்கே விட்டிட்டுப் போயிடுவினம் எண்டு நினைச்சன். ஆர் அதைக் குடிக்கச் சொன்னது?" என்றார். பிறகு தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, மாமி. இருதயம் நின்றுவிடும் என்று எத்தனை வருடமாக எல்லாரும் பயந்தோம். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மீன் குழம்பில் உப்புக் குறைவென்று சொன்னார்.

புத்தக விற்பனையை நிறுத்தச் சொல்லிப் பதிப்பகத்துக்கு எழுதிவிட்டேன். அப்பா சொன்னதை என் பெயரில் எழுதி ஊர்ப் பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். ஒருவரும் போடவில்லை. பிறகு இணையத்தில் நானே போட்டேன். இப்போது எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வருவதில்லை. நான் வேறு வீடு பார்த்து வந்துவிட்டேன்.

திருநெல்வேலி மேடையில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே தெரியாது என்றேன். நீங்கள் என்னை மன்னிப்பீர்களா?

தர்சிகா

*

கொடிகாமம்
12.11.2024

தர்சிகாவுக்கு,

மழை தொடங்கிவிட்டது. எனக்குச் சுகம்.

செய்ததைச் செய்தாய். நல்லது. ஆனால் என்னிடம் ஏன் மன்னிப்புக் கேட்கிறாய்? அந்தத் தண்ணீரை நான் குடிக்கவில்லை. நான் பெற்றதும் குடிக்கவில்லை. குணலட்சுமியின் விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். உன் தகப்பன் சொன்னதையும் ஒளிக்காமல் எழுது. அவள் கேட்கட்டும்.

அவள் உனக்குப் பதில் போடாவிட்டால் அதையும் பொறுத்துக்கொள்.

மாமி

*

சண்டிலிப்பாய்
20.12.2024

தர்சிகா பிள்ளைக்கு,

குணலட்சுமி எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம். நீரும் அப்படியே இருப்பீர் என்று நினைக்கிறேன்.

உம்முடைய கடிதம் வந்தது. அதை நாலைந்து தரம் வாசித்தேன். மழையில் வெங்காயம் அழுகிப்போனதால் உடனே பதில் எழுத நேரம் வரவில்லை. மனமும் வரவில்லை.

நீர் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர். அந்த நேரம் நீர் நடை பழகின பிள்ளை. உம்மேல் எனக்கு அந்த நாள் கோபம் இல்லை. மண்டபத்தில் சொன்ன பொய்யில்தான் கோபம். அது இன்னும் ஆறவில்லை. ஆறும் என்றும் சொல்லமாட்டேன்.

மறுபடி புத்தகம் அடித்தால் சுகிர்தா என்ற பெயரைப் போடும். அவளுக்குப் படம் இல்லை. எடுக்க வசதி இருக்கவில்லை. அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. 'ச' சொல்ல வராது. தன் பெயரைக் கேட்டால் 'துகிர்தா' என்பாள். இதைப் புத்தகத்தில் போட வேண்டாம். இது நீர் அறிய மட்டும்.

யார் குடிக்கச் சொன்னது என்று உம்முடைய தகப்பன் கேட்டதாக எழுதியிருக்கிறீர். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். நான்தான் சொன்னேன்.

அதற்கு முன் என் பிள்ளை அந்தக் கிணற்றடியில் எத்தனையோ நாள் தாகத்தோடு நின்றிருக்கிறாள். யாராவது வந்து ஊற்றும்வரை குடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ரீச்சர் படலையைத் திறந்துவிட்ட பிறகு நானே வாளியை விட்டு அள்ளினேன். அது எனக்கு எப்படி இருந்தது என்று உமக்கு விளங்காது. எனக்கு அன்று கடும் தடிமன், மணம் ஒன்றும் பிடிபடவில்லை. 'இனி ஒருத்தருக்கும் பாத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை, நீ முதல் குடி' என்று சொல்லி வாளியைச் சரித்தேன். அவள் இரண்டு கையையும் ஏந்திக் குடித்தாள். சிரித்துக்கொண்டு குடித்தாள்.

இதை உம்முடைய தகப்பனுக்கு வாசித்துக் காட்டும். நீர் வேறு வீட்டில் இருந்தாலும் இதற்காக ஒருதரம் போம். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அவருக்கு முன்னால் இருந்து, உரத்து வாசியும். முடியும்வரை அவரை எழும்ப விட வேண்டாம்.

இப்படிக்கு,
சுகிர்தாவின் அம்மா
குணலட்சுமி